செலவு செய்கிறோம், பலன் பார்ப்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

மாற்றுத்திறனாளிகளுக்கான நவீன சாதனங்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சென்னை ஐஐடியில் உருவான, எழுந்து நிற்க உதவும் சக்கர நாற்காலியையும், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்து வடிவமைத்த கைப்பயிற்சி இயந்திரத்தையும் கட்டுரையாளர் மனமாரப் பாராட்டியிருக்கிறார். பாராட்ட வேண்டியவைதான். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் வீடு திரும்பியபின் என்ன செய்கிறார், அடுப்படிக்குப் போக முடிகிறதா, பழைய வேலைக்குத் திரும்பினாரா என்று கட்டுரை ஓரிடத்திலும் கேட்கவில்லை. இதைக் கவனிப்பதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. ஆக்குபேஷனல் தெரபி என்பார்கள். ஆஸ்பத்திரி வட்டாரத்தில் சுருக்கமாக ஓ.டி. அந்தத் துறையின் ஆராய்ச்சிக்கென்று தனியாக ஒரு தொகையை மத்திய பட்ஜெட்டிலோ மாநில பட்ஜெட்டிலோ நான் பார்த்ததில்லை. இதை எதிர்த்துத்தான் எழுதுகிறேன்.

நான் மருத்துவன் அல்லன். உள்ளாட்சி நிதித் தணிக்கையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். செலவுச் சீட்டெல்லாம் ஒழுங்காக இருக்கும், செலவால் யாருக்கு என்ன கிடைத்தது என்று மட்டும் எந்தத் தாளிலும் இருக்காது. அப்படிப்பட்ட கோப்புகளை நிறையப் பார்த்த கண் இது.

என் தம்பி தையற்காரர். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. சிகிச்சையில் குறை சொல்ல மாட்டேன். உயிரைக் காப்பாற்றினார்கள், நடக்கவும் வைத்தார்கள். மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது கொடுத்த தாளில், அன்றாட வேலைகளுக்கான மதிப்பெண் நூற்றுக்குத் தொண்ணூறு என்றிருந்தது. சாப்பிடுவதற்கு முழு மதிப்பெண். ஆனால் அவர் சாப்பிடுவது இடக்கையால், ஸ்பூனில். வலக்கையால் சோற்றைப் பிசைந்து ஒரு கவளம் எடுக்க வராது. அதனாலேயே கல்யாண வீடுகளில் பந்திக்கு உட்கார மறுத்து, மொய்யை எழுதிவிட்டுக் கிளம்பிவிடுகிறார். ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை, காஜா எடுக்க முடியவில்லை. கடையை மூடியாயிற்று. தாளின்படி அவர் ஏறக்குறைய குணமானவர்!

அந்த மதிப்பெண் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். பார்த்தெல் அளவுகோல் என்று பெயர். 1965-இல் அமெரிக்காவின் மேரிலாண்டில் வெளியானது. உலகமெங்கும் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. சாப்பிடும் பகுதியில், உணவை வெட்டவும் வெண்ணெய் தடவவும் உதவி தேவைப்பட்டால் பாதி மதிப்பெண் என்று இருக்கிறது. கும்பகோணத்தில் யார் எதற்கு வெண்ணெய் தடவுகிறார்கள்? கையின் திறமையைச் சோதிக்கும் ஜெப்சன் சோதனை 1969-இல் வந்தது. அதில் தேக்கரண்டியால் ராஜ்மா விதைகளை அள்ளச் சொல்கிறார்கள். அளவுகோல் செய்தவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. அவர்கள் தங்கள் ஊர்ச் சாப்பாட்டு மேசையைப் பார்த்துச் செய்தார்கள். சம்மணமிட்டு உட்கார்ந்து எழுவது, குந்தி உட்காரும் கழிப்பறை, குடத்தைத் தூக்கி இடுப்பில் வைப்பது, சேலைக் கொசுவம் மடிப்பது, மாவு பிசைவது, எந்தக் கையால் உண்பது எந்தக் கையால் கழுவுவது என்ற வழக்கம் — இவற்றை அளக்க நம்மவர்கள்தான் அளவுகோல் செய்ய வேண்டும். ஊர் ஊராகப் போய், நூற்றுக்கணக்கானவர்களிடம் சோதித்து, திரும்பச் சோதித்துச் சரிபார்க்கிற வேலை அது. ஆளும் காசும் சில வருட அவகாசமும் வேண்டும்.

நம் நாட்டைப் பற்றிய கேள்விக்கு அடுத்த நாட்டுக் காசில் பதில் கிடைத்த கதையையும் சொல்ல வேண்டும். பக்கவாதம் வந்தவரின் குடும்பத்தினருக்கே பயிற்சி கொடுத்து, வீட்டில் அவர்களையே சிகிச்சை செய்யவிட்டால் போதுமா? சிகிச்சையாளர்கள் குறைவாக உள்ள நாட்டில் கேட்க வேண்டிய கேள்விதான். லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஜெயராஜ் துரை பாண்டியன் உள்ளிட்ட குழுவினர் 14 இந்திய மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளை வைத்து இதைச் சோதித்தார்கள். முடிவு 2017-இல் லான்செட் இதழில் வந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், குடும்பத்தினர் பயிற்சி பெற்ற தரப்புக்கும் வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. இறந்தவர்களும் பிறர் தயவில் இருப்பவர்களும் சேர்த்து இரு தரப்பிலும் ஏறக்குறைய பாதிப் பேர். அதாவது வீட்டுப் பெண்களுக்குச் சில நாள் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கைகழுவ முடியாது. எவ்வளவு பெரிய உண்மை! செலவு ஏற்றது ஆஸ்திரேலியாவின் தேசிய மருத்துவ ஆராய்ச்சிக் குழு. அடுத்த கேள்வி, அப்படியானால் என்னதான் பலிக்கும் என்பது. அதற்கும் கான்பெராவிலிருந்து பணம் வரட்டும் என்று காத்திருக்கிறோமா?

ஆராய்ச்சி என்றால் ஓ.டி.க்காரர்களுக்குச் சலுகை கேட்பதாக நினைத்துவிட வேண்டாம். அவர்களுக்குப் பிடிக்காத பதிலும் வரும். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு ஊஞ்சல், பந்து, தொடுஉணர்வுப் பொருள்கள் கொண்டு செய்யும் புலன் ஒருங்கிணைப்பு சிகிச்சையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்களில் தனியார் மையங்கள் அமர்வுக்கு நூற்றுக்கணக்கில் வாங்குகின்றன. பெற்றோர் நகையை அடகு வைத்துக் கட்டுகிறார்கள். பிரிட்டனில் அரசுப் பணத்தில் 138 குழந்தைகளை வைத்து இதை ஆராய்ந்து 2022-இல் முடிவை வெளியிட்டார்கள். பெற்றோர் குறித்துக் கொடுத்த தனி இலக்குகளில் முன்னேற்றம் தெரிந்தது. மற்றபடி வழக்கமான கவனிப்பைவிட மேலான பலன் இல்லை. இங்கே அப்படி யாராவது பார்த்துச் சொன்னால், பலன் இருந்தால் அரசு மையங்களில் இலவசமாகக் கொடுக்கலாம், இல்லையென்றால் ஏழைத் தாயின் தாலிச் சங்கிலியாவது தப்பும்.

நல்ல பதில் வந்த கதையும் உண்டு. லாஸ் ஏஞ்சலஸில் தாமாக வாழும் 361 முதியோரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு ஓ.டி. சிகிச்சையாளர் வழிகாட்டினார். இன்னொன்றைச் சும்மா கூடிப் பொழுதுபோக்க வைத்தார்கள். மூன்றாவதற்கு ஒன்றும் இல்லை. உடலும் மனமும் தெம்பாக இருந்தது முதல் பிரிவுக்குத்தான் என்று 1997-இல் நிறுவினார்கள். பொழுதுபோக்குப் பிரிவுக்கும் எதுவும் கிடைக்காத பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. முதியோர் பெருகிவரும் தமிழ்நாட்டில் இந்த ஆய்வைச் செய்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லையா, தோன்றியும் பணம் கிடைக்கவில்லையா?

இத்தகைய ஆராய்ச்சி நமக்குப் புதிதும் அல்ல. வேலூரில் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்தினார். அந்தக் கைகளுக்குத் தச்சு வேலை கற்றுக்கொடுத்த பட்டறையில் புண் எப்படி வருகிறது என்று கூர்ந்து பார்த்தார்கள். சதை தானாக அழுகி விழவில்லை, உணர்ச்சி இல்லாததால் சூடும் அழுத்தமும் தெரியாமல் காயப்படுகிறது என்று தெளிந்தது. வலி தெரியாத கைக்கேற்பக் கருவிகளின் பிடியை மாற்றினார்கள். 1954-இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையம் எழக் காரணமானார். உலகம் படித்த பாடம், வேலை செய்யும் கையை உட்கார்ந்து கவனித்ததில் கிடைத்தது.

1950-இல் மும்பையில் கமலா நிம்ப்கர் ஓ.டி. பள்ளியைத் தொடங்கினார். 1952-இல் ஓ.டி. உலகக் கூட்டமைப்பு உருவானபோது அதை நிறுவிய பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஓ.டி.க்காரர்களை முறைப்படுத்தும் மத்தியச் சட்டம் வந்ததோ 2021-இல்தான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 28-ஆவது பிரிவு, மறுவாழ்வை மேம்படுத்தும் ஆராய்ச்சியை அரசு தொடங்க வேண்டும் என்கிறது. ‘தொடங்கலாம்’ என்று சொல்லவில்லை.

தமிழ்நாட்டில் பணமே இல்லை என்றும் சொல்ல முடியாது. மாற்றுத்திறனாளிகளுக்கான ‘உரிமைகள்’ திட்டத்துக்கு உலக வங்கி 2022-இல் 16.2 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. ‘விழுதுகள்’ மையங்கள் அதில் வந்தவை. அங்கே ஓ.டி. உட்படப் பல சிகிச்சைகள் ஒரே கூரையின்கீழ் கிடைக்கின்றன. உண்மையிலேயே நல்ல காரியம். ஆனால் அங்கே வந்து போகும் ஒவ்வொருவரும் ஒரு பதிவு. வந்தபோது என்ன முடியவில்லை, ஒரு வருடம் கழித்து என்ன முடிகிறது என்று ஒரே முறையில் எழுதிவைத்தால் நாட்டில் வேறெங்கும் கிடைக்காத சான்று சேரும். எத்தனை பேருக்குச் சிகிச்சை, எத்தனை சாதனம் வழங்கப்பட்டது என்பதோடு அறிக்கை நின்றுவிட்டால், அது நான் பணிக்காலத்தில் பார்த்த அதே கோப்புதான்.

இன்னொரு பக்கம், முதுநிலை ஓ.டி. மாணவர்கள் ஆண்டுதோறும் ஆய்வேடு எழுதுகிறார்கள். கைக்காசைப் போட்டு, கிடைத்த இருபது முப்பது நோயாளிகளை வைத்து, சில மாதங்களில் முடிக்க வேண்டிய நெருக்கடி அவர்களுக்கு. பட்டம் கிடைத்ததும் ஏடு கல்லூரி அலமாரிக்குப் போய்விடும். பக்கத்துக் கல்லூரியில் அதே தலைப்பில் இன்னொரு மாணவர் முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

‘உரிமைகள்’ திட்டச் செலவில் நூற்றுக்கு ஒரு பங்கைச் சிகிச்சையின் பலனை ஆராய ஒதுக்க வேண்டும். அந்த ஆய்வுகளுக்குத் தலைமை தாங்க ஓ.டி. சிகிச்சையாளர்களுக்கே வாய்ப்புத் தர வேண்டும். மருத்துவர் பெயருக்குக் கீழே உதவியாளராக நிற்க வைக்கக் கூடாது. முதல் வேலையாகத் தமிழர் அன்றாடத்துக்கேற்ற அளவுகோல் ஒன்றை உருவாக்கட்டும். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் தன் கீழ் வரும் ஓ.டி. ஆய்வேடுகளை எல்லோரும் படிக்கும்படி வெளியிடட்டும். அதற்குக் கடன்கூட வாங்க வேண்டியதில்லை. எந்தச் சிகிச்சை பலித்தது, எது பலிக்கவில்லை என்ற இரண்டு பட்டியலும் வெளிவர வேண்டும்.

இதுவரை ஆராய்ச்சிக்கென்று எவ்வளவு ஒதுக்கினோம், எவ்வளவு செலவானது என்பதை மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தங்கள் இதழிலேயே தெரிவிக்கட்டும். தொகை பூஜ்யம் என்றாலும் அதையே எழுதட்டும். தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் நானும் ஒரு மனு தயார் செய்து வைத்திருக்கிறேன். பதில் வந்தால் தங்களுக்கு நகல் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தணிக்கையாளர் ஒருவர்,
கும்பகோணம்