குடிக்கிற வண்டிக்குத்தான் கணக்கு வேணும்

நம்ம ஊரில் யார் புது வண்டி வாங்கி வந்து நிறுத்தினாலும், சந்தனம் குங்குமம் காய்வதற்குள் ஒருத்தர் கேட்டுவிடுவார், "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்குது?" என்று. விலை, கலர் எல்லாம் அப்புறம்தான். இதை வைத்து மாருதி சுசுகி "கித்னா தேத்தி ஹை" என்று ஒரு விளம்பர வரிசையே எடுத்து ஓட்டியது, ஞாபகம் இருக்கும்.

இந்தக் கேள்வியைக் கேட்டால் சிரிக்கிற ஒரு கூட்டம் உலகத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் பெரிய மோட்டார் ஹோம் வைத்திருப்பவர்கள். கட்டில், சமையலறை, குளியலறை, ஏசி, டிவி என்று ஒரு முழு வீட்டையே பஸ் மாதிரி சேசிஸில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்கள். அதில் பெரிய வகையை அங்கே 'ஏ கிளாஸ்' என்கிறார்கள். பெட்ரோலில் ஓடுபவற்றில் பெரும்பாலானவை ஃபோர்டு எஃப்-53 சேசிஸில் கட்டியவை. 2020 வாக்கு வரை 6.8 லிட்டர், பத்து சிலிண்டர் இன்ஜின். அதற்குப் பிறகு 7.3 லிட்டர், எட்டு சிலிண்டர். மைலேஜ்? ஒரு கேலனுக்கு 6-லிருந்து 10 மைல். நடுவில் 8 என்று வைத்து நம்ம பாஷைக்கு மாற்றினால், லிட்டருக்கு 3.4 கிலோமீட்டர்! டேங்க் 80 கேலன், அதாவது 300 லிட்டர். நம்ம அரசு பஸ் 50 பேரை ஏற்றிக்கொண்டு லிட்டருக்கு 5 கிலோமீட்டருக்கு மேல் கொடுக்கிறது. இது புருஷன், பொண்டாட்டி, ஒரு நாய்க்குட்டிக்கு 3.4.

இவர்கள் வழக்கமாகச் சொல்கிற பதில் ஒன்று உண்டு. மைலேஜ் பார்க்கிறவன் இதை வாங்கக் கூடாது. இது எப்படியும் குடிக்கிற வண்டிதான், ஒன்றிரண்டு கூடினால் என்ன, குறைந்தால் என்ன. பணத்திமிர் என்று நமக்குத் தோன்றும். ஆனால் நான் பி.காம் படிக்கிறேனே, கணக்குப் போடாமல் யாரையும் திட்டக்கூடாது இல்லையா :-) போட்டுப் பார்த்தால், அந்தப் பதிலில் முதல் பாதி சரி, இரண்டாம் பாதி சுத்தத் தப்பு.

முதல் பாதி ஏன் சரி? வண்டி விலை 2 லட்சம் டாலர் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்குப் பத்து சதவீதம் தேய்மானம் என்றாலே 20,000 டாலர் காணாமல் போகிறது. வண்டி வருஷத்துக்கு 5,000 மைல் ஓடினால் பெட்ரோல் 625 கேலன். கேலன் மூன்றரை டாலர் என்றால் 2,200 டாலரை ஒட்டி. தேய்மானத்தில் ஒன்பதில் ஒரு பங்கு! இது போக இன்சூரன்ஸ், டயர், இரவு நிறுத்துகிற இடத்துக்கு வாடகை. வீட்டு வாசலில் சும்மா நின்றாலும் தேய்கிற வண்டிக்குப் பெட்ரோல் ஒரு பெரிய செலவே இல்லை. ஃபிக்ஸட் காஸ்ட், வேரியபிள் காஸ்ட் என்று முதல் வருஷமே நடத்தினார்களே, அதேதான்.

இப்போது அதே கணக்கை நம்ம ஊர் டெம்போ டிராவலருக்குப் போடுங்க. மாதம் 5,000 கிலோமீட்டர், வருஷத்துக்கு 60,000. 2024 மார்ச்சில் 2 ரூபாய் குறைத்தபோது சென்னையில் டீசல் 92 ரூபாய் சொச்சத்துக்கு வந்தது. சுலபத்துக்கு 93 என்று வைப்போம். லிட்டருக்கு 10 கொடுத்தால் வருஷ டீசல் 5,58,000 ரூபாய். 11 கொடுத்தால் 5,07,000 சொச்சம். ஒரே ஒரு கிலோமீட்டர் வித்தியாசம் 50,000 ரூபாய்க்கு மேல். இரண்டு மாதத் தவணையாவது கட்டலாம். அதனால்தான் நம்ம வேன் முதலாளிகள் மைலேஜைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கிறார்கள். கஞ்சத்தனம் என்று நாம் கிண்டல் பண்ணக்கூடாது. வண்டி அதிகம் ஓடுகிறது, அவ்வளவுதான்.

சரி, இரண்டாம் பாதிக்கு வருவோம். "எப்படியும் குடிக்கிற வண்டி, ஒன்றிரண்டு கூடினால் என்ன?"

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் என்று இரண்டு பேர். 2008-இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார்கள். மைலேஜ் எண் நம் மூளையை ஏமாற்றுகிறது என்பதுதான் விஷயம். ஒரு கார் 30 மைலிலிருந்து 40 மைலுக்கு ஏறினால் ஆஹா என்கிறோம். மோட்டார் ஹோம் 8-லிருந்து 10 ஆனால் உதட்டைப் பிதுக்குகிறோம். இரண்டையும் 5,000 மைல் ஓட்டிப் பாருங்க. காரில் மிச்சம் 42 கேலன். மோட்டார் ஹோமில் மிச்சம் 125 கேலன். மூன்று மடங்கு!

நம்பிக்கை வரவில்லையா? 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று திருப்பி எழுதுங்க. கார் 7.8 லிட்டரிலிருந்து 5.9-க்கு இறங்கியிருக்கிறது. மோட்டார் ஹோம் 29.4-லிருந்து 23.5-க்கு. இப்போது சின்னப் பிள்ளைகூட எது பெரிய மிச்சம் என்று சொல்லிவிடும். ஐரோப்பாவில் பல நாடுகளில் இப்படித்தான் எழுதுகிறார்கள். நாம்தான் லிட்டரைக் கீழே போட்டு வகுத்து, பெரிய எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறோம்.

ஆக, அதிகம் குடிக்கிற வண்டிக்குத்தான் சின்ன முன்னேற்றமும் பெரிய காசு. அதற்கு இன்ஜினை மாற்றவும் வேண்டாம். மோட்டார் ஹோமின் முகத்தைப் பாருங்க, சுவர் மாதிரி தட்டையாக இருக்கும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 100-இல் போவதை 80-க்குக் குறைத்தால் எதிர்ப்பு 64 சதவீதம் ஆகிவிடும். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு 1974 ஜனவரியில் அமெரிக்க அரசு நாடு முழுக்க 55 மைல் வேகக் கட்டுப்பாடு கொண்டுவந்தது எரிபொருளை மிச்சப்படுத்தத்தான். அந்த நெருக்கடியில் மோட்டார் ஹோம் விற்பனை படுத்துவிட்டது. 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பேரல் 147 டாலரைத் தொட்டு, பின்னாலேயே கடன் கிடைக்காத காலமும் வந்தபோது, ஃப்ளீட்வுட், மொனாக்கோ என்ற இரண்டு பெரிய கம்பெனிகளும் 2009 மார்ச்சில் திவால் மனு கொடுத்தன. ஏற்கெனவே வாங்கினவர் "மைலேஜ் முக்கியமில்லை" என்று சொல்லிக்கொண்டு இருக்கலாம். வாங்கப் போகிறவருக்கு அது முக்கியமாகத்தான் இருந்திருக்கிறது.

நமக்கும் மோட்டார் ஹோமுக்கும் என்ன சம்பந்தம், தொப்பம்பட்டியில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்கக் கதை எதற்கு என்று கேட்பீர்கள். (கோயம்புத்தூர் பக்கத்துத் தொப்பம்பட்டி இல்லை மக்களே, பழநிப் பக்கம் இருப்பது!) சம்பந்தம் இருக்கிறது. சக்கரத்தில் வீடு நமக்குப் புதுசு இல்லை. அந்தக் காலத்தில் கூண்டு வண்டியில் அரிசி பருப்போடு பழநிக்கு வந்து, போகிற வழியில் கல் கூட்டிச் சமைத்தவர்கள்தானே நாம். இன்றைக்கும் காசி யாத்திரை பஸ்ஸில் சமையல்காரரும் அடுப்பும் கூடவே போகிறார்கள். கேரளா 2021 செப்டம்பரில் கேரவன் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கையே அறிவித்து, வண்டி வாங்க மானியமும் தருவதாகச் சொன்னது. சினிமா ஷூட்டிங்கில் நடிகர்களுக்கு நிற்கிற கேரவன் எல்லோருக்கும் தெரியும்.

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது திருச்செங்கோட்டு ரிக் வண்டி. போர் போடுகிற வண்டியோடு துணைக்கு ஒரு லாரி. அதில் குழாய், டீசல், அரிசி மூட்டை, அடுப்பு. ஆட்கள் மாதக் கணக்கில் வெளி மாநிலத்தில் அதிலேயே தூங்கி எழுந்து பிழைக்கிறார்கள். தமிழ்நாட்டின் உண்மையான மோட்டார் ஹோம் அதுதான் என்பேன். ரிக் முதலாளியிடம் போய் மைலேஜ் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்க, சிரிப்பார். அவர் டீசல் செலவாவது ரோட்டில் இல்லை. ஒரே இடத்தில் நின்றுகொண்டு கம்ப்ரசர் ஓட்டுவதில். அதனால் அவர் கணக்கு அடிக்கு. ஓர் அடி தோண்ட எவ்வளவு டீசல், அடிக்கு என்ன ரேட். டீசல் விலை ஏறினால் அடி ரேட் ஏறும். எவ்வளவு தெளிவு பாருங்க!

காஸ்ட் அக்கவுண்டிங்கில் 'ஆப்பரேட்டிங் காஸ்டிங்' என்று ஒரு பாடம் வரும். பஸ்ஸுக்கு பயணி-கிலோமீட்டர், லாரிக்கு டன்-கிலோமீட்டர். எதால் வகுக்கிறோம் என்பதுதான் பாடமே. அரசு பஸ் லிட்டருக்கு 5 கிலோமீட்டர், 50 பேர், ஆக 250. பன்னிரண்டு பேர் ஏறிய வேன் 120. இரண்டு பேர் போகும் மோட்டார் ஹோம் 7. ரிக்குக்கு அடி. இதையெல்லாம் ஒரே 'மைலேஜ்' என்ற தராசில் நிறுத்தினால் யாரோ ஒருவர் தலையில் தப்பான கணக்கு விழும்.

அமெரிக்க வண்டியிலும் அப்படித்தான். நிற்கும்போது ஏசி போட ஜெனரேட்டர் ஒன்று உள்ளேயே இருக்கும். பெட்ரோல் வண்டிகளில் அது பெரும்பாலும் அதே டேங்கிலிருந்துதான் உறிஞ்சும். நடுக்காட்டில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று, கால் டேங்க் வந்ததும் ஜெனரேட்டர் நின்றுவிடுகிற மாதிரி குழாயை உயரத்தில் வைத்திருப்பார்கள். ஏசி ஓடினால் மணிக்கு ஏறக்குறைய 2 லிட்டர். எட்டு மணி நேரம் தூங்கினால் 16 லிட்டர். அந்த வண்டி 50 கிலோமீட்டர் ஓடுகிற பெட்ரோல்! டேங்க் நிரப்பி நிரப்பி மைலேஜ் பார்க்கிறவர் கணக்கில் இந்தத் தூக்கமும் சேர்ந்துவிடும். அங்கே ஓட்டுவதும் தூங்குவதும் காசு கொடுப்பதும் ஒரே ஆள். பிரச்சினை இல்லை.

நம்ம ஊரில் ஓட்டுகிறவர் ஒருத்தர், ஏசியில் உட்கார்கிறவர் ஒருத்தர், டீசலுக்குக் காசு கொடுக்கிறவர் இன்னொருத்தர்.

என் சித்தப்பா டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறார். வண்டி அவருடையது இல்லை. தாராபுரத்தில் ஒரு குடும்பத்தை ஏற்றி, பழநி, கொடைக்கானல், திரும்பி திண்டுக்கல் வழியாக வீடு. 300 கிலோமீட்டர் ட்ரிப். முதலாளி கணக்கு லிட்டருக்கு 10, ஆக 30 லிட்டர். வந்து நிரப்பினால் 34. மைலேஜ் 8.8-க்கு இறங்கிவிட்டது. "எப்படி ஓட்டுன?" என்று ஒரு கேள்வி, கூடுதல் 4 லிட்டருக்கு 372 ரூபாய் பேட்டாவில் பிடித்தம். சித்தப்பா வேகமாக ஓட்டுகிற ஆளே இல்லை. அவரோடு போனால் நமக்குத்தான் பொறுமை போகும். நடந்தது என்ன? பழநி அடிவாரத்தில் தரிசனம் முடிகிற வரை ஒரு பாட்டியும் கைக்குழந்தையும் வண்டியிலேயே இருந்தார்கள். வெயில். நாலு மணி நேரம் ஏசி ஓடியது. இன்ஜின் ஓடாமல் அந்த ஏசி ஓடாது. மணிக்கு ஒரு லிட்டர் போட்டாலே அந்த 4 லிட்டர் வந்துவிட்டது. மலை ரோடு 65 கிலோமீட்டர் ஏறினதைக்கூட நான் கணக்கில் சேர்க்கவில்லை.

பாட்டிக்கு ஏசி போட்ட காசை டிரைவர் கொடுத்திருக்கிறார்! ரிக்கில் நின்று எரிந்த டீசலை யாராவது டிரைவர் மேல் எழுதுவார்களா? எழுத மாட்டார்கள். அங்கே வகுக்கிற எண் சரியாக இருக்கிறது.

முதலாளி கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. ஒரு கிலோமீட்டர் குறைந்தால் அவருக்கு வருஷத்துக்கு 50,000 போகிறது, நானே மேலே கணக்குப் போட்டேன். டீசல் திருட்டு நடக்காமலும் இல்லை. ஆனால் அவர் கையில் இருப்பது ஒரே ஒரு எண். ஓடியது, நின்றது, ஏறினது எல்லாம் அதற்குள் கலந்து கிடக்கிறது. அரசு பஸ் டிரைவர்களுக்கும் 'கேஎம்பிஎல்' என்றால் கொஞ்சம் பயம்தான். ஆனால் அங்கே அதே ரூட், அதே பஸ், தினமும் ஓட்டம். ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அர்த்தம் இருக்கிறது. ஒரு நாள் கொடைக்கானல், மறுநாள் கல்யாண மண்டப வாசல் என்று ஓடுகிற வேனுக்கு அது எப்படிப் பொருந்தும்?

செய்ய வேண்டியது ரொம்பச் சின்னது. ட்ரிப் ஷீட்டில் ஓடின கிலோமீட்டர் கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம்: ஏசி போட்டு நின்ற மணி. வாடகை பேசும்போதே, நிற்கும்போது ஏசி வேண்டுமானால் மணிக்கு இவ்வளவு என்று பார்ட்டியிடம் சொல்லிவிட வேண்டும். மலைக்குத் தனி ரேட் பேசுகிறோமே, அதே மாதிரி. மிச்ச டீசலை 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று எழுதினால், மாதக் கடைசியில் கூட்டிக் கழிக்கவும் சுலபம். டிரைவர் பொய் எழுதுவார் என்று சந்தேகமா? இப்போது பல வேன்களில் இருக்கிற ஜிபிஎஸ் கருவியே, இன்ஜின் ஓடியபடி வண்டி நின்ற நேரத்தைத் தனியாகக் காட்டிக் கொடுக்கிறது. முதலாளி வண்டி எங்கே நிற்கிறது என்று பார்க்க தினமும் அதைத் திறக்கிறார். பக்கத்துக் கட்டத்தையும் ஒரு தடவை பார்த்திருந்தால் சித்தப்பாவின் 372 ரூபாய் போயிருக்காது.