நண்பகல் வெயிலை அணைக்காதீர்கள்

2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், ஏப்ரல் 13 முதல் 21 வரை, பிற்பகல் 3 மணி வரை கூரைச் சூரிய மின்தொகுதிகளை நிறுத்திவைக்கும்படி இலங்கை மின்சார சபை கேட்டுக்கொண்டது. கடன் எடுத்துக் கூரையில் பலகை பதித்தவர்கள் நல்ல வெயிலில் அதை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று.

சபையின் அச்சம் பொய்யல்ல. அதற்கு இரண்டு மாதம் முன்பு, பெப்ரவரி 9 ஞாயிறு முற்பகலில், பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கால் ஏற்பட்ட கோளாறு நாட்டையே இருளில் தள்ளியது. விடுமுறை நாளில் மின்தேவை குறைவு, சூரிய மின்சாரமோ அதிகம். பெரிய சுழலிகள் குறைவாக ஓடியதால் அதிர்ச்சியைத் தாங்கும் சடத்துவம் வலையமைப்பில் போதிய அளவு இருக்கவில்லை. நோய் இதுதான். ஆனால் உற்பத்தியை அணைப்பது மட்டுமே மருந்தாகிவிடாது. தேவையை நண்பகலுக்கு நகர்த்த வேண்டும் என்பதே எமது நிலைப்பாடு.

எம்பிலிப்பிட்டியவைப் பாருங்கள். வறண்ட வலயத்து வெயில் கொளுத்தும் ஊர். இங்கே 2005இல் இயங்கத் தொடங்கிய 100 மெகாவாட் மின்நிலையம் எண்ணெயில் ஓடுவதற்கெனக் கட்டப்பட்டது. அந்தி சாய்ந்ததும் தேவை உச்சத்துக்கு ஏற, எண்ணெய் எரிப்பதற்கு நாடு டொலர் தேட வேண்டியிருக்கிறது. 2022இல் அந்த டொலர் இல்லாமல் நாளுக்கு 13 மணி நேரம் வரை இருட்டில் கிடந்ததை யாரும் மறக்கவில்லை.

தேவையை நகர்த்துவது எப்படி? கட்டடங்கள் மின்சாரத்தைச் சேமிக்கும், பற்றரி இல்லாமலே. வைத்தியசாலையின் மேல்தொட்டியை மதியமே நிரப்பிவிடலாம். பல்பொருள் அங்காடியின் உறைபெட்டியை 12 மணிக்கு ஓரிரு பாகை கூடுதலாகக் குளிர்வித்தால், இரவு 7 மணிக்கு இயந்திரம் சற்று ஓய்வெடுக்கலாம். அலுவலகச் சுவர்களும் தளமும் குளிரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். இரத்தினபுரி, பலாங்கொடைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளில் கொழுந்தை வாட்டும் காற்றாடிகள் இரவெல்லாம் சுழல்கின்றன. அவற்றை நிறுத்தினால் கொழுந்து சூடேறிக் கெடும். உச்ச நேரத்தில் வேகத்தைக் குறைக்கலாம். அதற்கு வேகக்கட்டுப்பாட்டுக் கருவி போதும். இவற்றையெல்லாம் ஆள் நின்று திருகத் தேவையில்லை. மின்வலையமைப்பை இயக்குவோரின் சமிக்ஞையைக் கைபேசி வலையமைப்பு வழியே பெறும் சிறு கருவி பார்த்துக்கொள்ளும்.

ஆனால் யார் செய்வார்கள், இலாபமில்லாமல்? 2025 நிலவரப்படி, நேரத்துக்கு ஏற்ப விலை மாறும் நேரவாரிக் கட்டணத்தில் காலை 5.30 முதல் மாலை 6.30 வரை ஒரே ‘பகல்’. வெயில் பொழியும் 12 மணிக்கும் மங்கும் 6 மணிக்கும் விலை ஒன்றே. தெற்கு ஆஸ்திரேலியா 2020இலேயே காலை 10 முதல் பிற்பகல் 3 வரை வலையமைப்புக் கட்டணத்தைக் குறைத்தது.

தேவையை நகர்த்தும் இந்தச் சுமையைத் தோட்டத் தொழிலாளரின் லயங்களில் ஏற்றிவிடக் கூடாது. இரண்டு மின்குமிழும் தொலைக்காட்சியும் உள்ள வீட்டில் நகர்த்துவதற்கு என்ன இருக்கிறது? கொழுந்துக் கூடையை இறக்கி வீடு திரும்புபவர் இரவு 7 மணிக்குத்தான் விளக்குப் போட முடியும். குளிரூட்டிகளும் பெரிய நீரிறைக்கும் மோட்டார்களும் வைத்திருப்போரிடமிருந்தே தொடங்க வேண்டும். அந்த இயந்திரங்களில் கணிசமானவை அரச கட்டடங்களிலேயே இருக்கின்றன.

பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அடுத்த கட்டண மீளாய்விலேயே நண்பகலுக்குத் தனி விலை வைக்க வேண்டும். அடுத்த சித்திரைக்கு முன்னர் மாவட்டச் செயலகங்களிலும் வைத்தியசாலைகளிலும் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பொருத்துவது அரசின் பொறுப்பு.