பெயர் மாறியது, வாயில் மாறவில்லை!

கல்விச் சான்றோடும் தாயின் தோட்டை அடகுவைத்த காசோடும் தென்கோடிச் சிற்றூரினின்று சென்னையில் வந்திறங்குகின்றான் ஒரு தமிழிளைஞன். குடிக்கூலியும் முன்பணமும் அக்காசை ஒரே திங்களில் விழுங்கிவிடுகின்றன. பணி தேடிச் செல்லுமிடமெல்லாம் அவன் கற்ற தொழிலை எவரும் வினவுவதில்லை. ஆங்கிலம் பேச வருமா என்றே வினவுகின்றனர்.

1996இல் மெட்ராசு என்னும் பெயரை மாற்றினோம். மாநகரின் வாயிலை மாற்றினோமா? தமிழ்வழிக் கற்றோர்க்கு 20 விழுக்காடு முன்னுரிமை வழங்கும் 2010ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பணிகளோடு நின்றுவிட்டது. தனியார் கதவை அது தட்டவேயில்லை.

தாய்மொழியிற் கற்றவன் தாய்நிலத்திலேயே பசித்திருப்பின், தமிழ்வழிப் பள்ளிக்குத் தம் மக்களை எவர் விடுப்பர்? அன்பர்களே! தொழில் நடத்தும் தமிழரிடம் செல்லுங்கள்; நேர்காணலைத் தமிழில் நடத்தச் சொல்லுங்கள். சோறிடாத மொழிப்பற்று வெறும் முழக்கமே!