ஜன்னல் சீட்

பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, உட்கார்ந்திருப்பவர் எப்போது எழுந்திருப்பார் என்று பார்த்துக்கொண்டே இருப்போமே, அதே மாதிரி வருஷக்கணக்கில் காத்திருக்கும் ஜீவன்களைக் கொடைக்கானலில் பார்த்தேன். பாம்பார் சோலையில், முழங்கால் உயர மரக்கன்றுகள்.

அடர்ந்த சோலையின் தரைக்கு வந்து சேரும் வெளிச்சம் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். அதிலும் சிவப்பு ஒளியை மேலே உள்ள இலைகள் சாப்பிட்டுவிடும். மிச்ச ஒளியை வைத்தே, 'தலைக்கு மேல் ஆள் இருக்கிறது' என்று பல விதைகள் கண்டுகொள்கின்றன! என்றாவது காற்றில் ஒரு கிழமரம் சாய்ந்தால், கூரையில் ஓட்டை. கன்று விறுவிறுவென்று கிளம்பிவிடும்.

"அப்ப மொத்தமா வெட்டி வெளிச்சம் குடுத்தா காடு ஜோரா வளருமே?" என்றேன், கூட வந்த பெரியவரிடம்.

"கெட்டுது போங்க! வாட்டில்தான் சார் வளரும்."

வாட்டில், ஆஸ்திரேலிய சரக்கு. தோல் பதனிடும் பட்டைக்காகப் புல்வெளிகளில் நட்டார்கள். அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் தூங்கும். மரத்தை வெட்டி வெயில் பட்டதோ, நாற்றங்கால் மாதிரி எழும்பும். சோலைக் கன்றுக்கோ திறந்தவெளி ஆகாது. ஜனவரி உறைபனியில் கருகிவிடும்.

வேடிக்கை என்னவென்றால், பழைய வாட்டில் தோப்பின் நிழலிலேயே, பறவைகள் போட்ட விதையிலிருந்து சோலைக் கன்றுகள் முளைக்கின்றன. அவசரப்பட்டு வெட்டவேண்டாம் என்று சொல்லிவந்தவர்கள், எண்பதுகளில் வந்து வட்டக்கானலிலேயே தங்கிவிட்ட பாப் ஸ்டூவர்ட், தான்யா பால்கர் என்ற இங்கிலாந்துக்காரர்கள்.

அதற்காக வாட்டிலுக்கு மாலை போடவேண்டாம். 1973-லிருந்து 2014-க்குள் பழனி மலையின் புல்வெளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. புல்லுக்கு முழு வெயில் வேண்டும். அங்கே புகுந்த வாட்டிலைப் பிடுங்கத்தான் வேண்டும். அந்நியத் தாவரங்களை அகற்ற 2022-ல் தமிழக அரசு கொள்கையே அறிவித்திருக்கிறது. சரிதான். ஆனால் சோலைக் கன்று தலைகாட்டும் தோப்பில் மட்டும் அரிவாள் கொஞ்சம் பொறுமை காட்டட்டும். ஒரே காட்டில் இரண்டு சட்டம். பெரியகுளத்துக்கும் பழனிக்கும் தண்ணீர் இறங்குவது இந்த மலையிலிருந்து என்பதால் சொல்கிறேன்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். வத்தலக்குண்டில் ஒருவழியாக ஜன்னல் சீட் காலியானது. இரண்டு மணி நேரமாகப் பக்கத்தில் நின்ற நான் உட்காரப் போகிறேன்... வெளியே இருந்து ஜன்னல் வழியாக ஒரு துண்டு வந்து விழுந்தது.

வாட்டில்!