முறுக்குக்கு வரி குறைஞ்சிருச்சு... உங்க 10 ரூபாய் பாக்கெட்ல என்ன மாறுச்சு?

நசரத்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி எந்த டீக்கடைக்குப் போனாலும் ரெண்டு விஷயம் கண்ணில் படும். ஒன்று, கல்லாவுக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும் கண்ணாடி பாட்டில்கள். உள்ளே முறுக்கு, தட்டை, கடலைமிட்டாய், தேன்மிட்டாய். இன்னொன்று, தலைக்கு மேலே சரம் சரமாகத் தொங்கும் 5 ரூபாய், 10 ரூபாய் பாக்கெட்டுகள். ஒருபக்கம் பெங்களூரு ஹைவே, இன்னொருபக்கம் வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலை என்று ரெண்டு பெரிய ரோடும் சந்திக்கிற இடம் இது. காலேஜ் பசங்க, கம்பெனி ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள், லாரி டிரைவர்கள் என எல்லோருக்கும் சாயங்காலப் பசிக்கு இந்த ரெண்டில் ஒன்றுதான் கதி.

நீங்க பாட்டிலுக்குக் கை நீட்டுவீங்களா, பாக்கெட்டைப் பிய்ப்பீங்களா? இது உங்க நாக்கு சம்பந்தப்பட்ட விஷயம்னுதான் தோணும். ஆனா 2025 செப்டம்பர் 22-லிருந்து அந்தத் தேர்வுக்குப் பின்னாடி டெல்லியில் எடுத்த ஒரு முடிவும் இருக்கு. நாடு முழுக்க ஜிஎஸ்டி விகிதங்கள் மாறிய நாள் அது.

இனிப்புக்கு 5, காரத்துக்கு 12... ஏன் இந்த ஓரவஞ்சனை?

கொஞ்சம் பின்னாடி போவோம். 2024 செப்டம்பரில் கோவையில் தொழில்துறையினரை நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் சந்தித்தார். அங்கே அன்னபூர்ணா உணவகக் குழுமத்தின் சீனிவாசன் பேசிய வீடியோ உங்க போனுக்கும் வந்திருக்கும். பன்னுக்கு வரி இல்லை, அதில் க்ரீம் தடவினால் 18 சதவிகிதம் என்று அவர் சொன்னதைத்தான் எல்லோரும் மீம் போட்டார்கள். அடுத்து அவர் மன்னிப்பு கேட்ட வீடியோ வெளியானதும் அது அரசியல் சண்டையாகிவிட்டது. அந்தச் சத்தத்தில் அவர் சொன்ன இன்னொரு விஷயம் அமுங்கிப்போச்சு. ஒரே கடையில், ஒரே பில்லில், இனிப்புக்கு ஒரு வரி, காரத்துக்கு வேறொரு வரி என்பதுதான் அது.

உண்மையில் அப்போதைய நிலைமை இன்னும் குழப்பம். மைசூர்பாக், ஜாங்கிரி மாதிரி இனிப்புகளுக்கு 5 சதவிகிதம். முறுக்கு, மிக்சர், காராசேவு போன்றவற்றை உதிரியாக நிறுத்துக் கொடுத்தால் 5. அதையே பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டிவிட்டால் 12. ஒரே வாணலியில் வெந்த ஒரே முறுக்கு, கவருக்குள் போனதும் வரி ரெண்டு மடங்குக்கு மேல் ஏறிவிடும்.

இப்போது அந்த வித்தியாசம் போய்விட்டது. பாக்கெட் போட்டாலும் போடாவிட்டாலும் முறுக்குக்கு 5 சதவிகிதம்தான். நெய், வெண்ணெய் 12-லிருந்து 5. சாக்லேட், கேக், பிஸ்கட் 18-லிருந்து 5. பரோட்டா, சப்பாத்திக்கு வரியே இல்லை. கணக்கு எளிமையாகிவிட்டது என்ற வகையில் நல்ல விஷயம்தான். ஆனால் இதில் யாருக்கு எவ்வளவு லாபம் என்று பார்த்தால்தான் கதை சுவாரஸ்யமாகிறது.

பாட்டிலுக்கு என்ன கிடைச்சுது?

கண்ணாடி பாட்டில் முறுக்கைப் பாருங்க. பக்கத்துத் தெருவில் ஒரு அக்காவோ, மகளிர் சுயஉதவிக் குழுவோ சுட்டுக் கொடுத்ததாக இருக்கலாம். பொருள் விற்பவர்களுக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவே தேவையில்லை. தாண்டினாலும் உதிரி முறுக்குக்கு ஏற்கெனவே 5 சதவிகிதம்தான். ஆக, அந்த முறுக்கின் மீதான வரியில் ஒரு பைசா குறையவில்லை. 12-லிருந்து 5-க்கு இறங்கியது, தலைக்கு மேலே தொங்குகிற பாக்கெட்டுக்கு மட்டும்தான்.

இதுவரை பாட்டிலுக்கு விலையில் ஒரு சின்ன சலுகை இருந்தது. பாக்கெட்காரர் 12 கட்டினார், இவர் 5 கட்டினார் அல்லது ஒன்றும் கட்டவில்லை. பெரிய கம்பெனியின் விளம்பரம், லாரி, ஏஜென்ட் எதுவும் இல்லாத சிறு தயாரிப்பாளருக்கு அந்த 7 சதவிகிதம்தான் கைத்தடி. இப்போது அது போய்விட்டது.

‘அப்போ இது மோசமான முடிவா?’ என்று கேட்டால், அப்படியும் சொல்ல முடியாது. சிறுதொழிலிலிருந்து ஒரு படி மேலே ஏறியவர்களை யோசிங்க. மணப்பாறை முறுக்குக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரை லேபிளில் அச்சடித்து, பாக்கெட் போட்டு, சென்னை சூப்பர் மார்க்கெட்டுக்கு அனுப்புகிறவர் 40 லட்சத்தைத் தாண்டியிருந்தால், முறையாகத் தொழில் செய்ததற்காகவே 12 சதவிகிதம் கட்டினார். இப்போது அவருக்கு நிம்மதி. வீட்டில் நெய் முறுக்கும் அதிரசமும் செய்து விற்கிற, ஜிஎஸ்டி பதிவு இல்லாத அக்காவுக்கும் ஒரு லாபம் உண்டு: அவர் வாங்குகிற நெய்யின் மீதான வரி குறைந்திருக்கிறது.

ஆனால் அவர் வாங்கும் பிளாஸ்டிக் கவருக்கு இன்னமும் 18 சதவிகிதம். பதிவு செய்த கம்பெனி இந்த 18-ஐத் தன் வரிக்கணக்கில் கழித்துக்கொள்ளும். பதிவில்லாத அக்காவால் முடியாது. அது அவருடைய செலவு, அவ்வளவுதான்.

அந்த 62 பைசா எங்கே?

இப்போ உங்க பர்ஸுக்கு வருவோம். 12 சதவிகித வரியோடு 10 ரூபாய்க்கு விற்ற ஒரு பாக்கெட்டின் அசல் விலை 8 ரூபாய் 93 காசு. அதே அசல் விலைக்கு 5 சதவிகித வரி போட்டால் 9 ரூபாய் 38 காசு வரும். அதாவது உங்களுக்குச் சேர வேண்டியது 62 பைசா.

9 ரூபாய் 38 காசுக்கு டீக்கடையில் எப்படிச் சில்லறை கொடுப்பது? முடியாது. 10 ரூபாய் என்பது நாணயம் சார்ந்த விலை. அதனால் விலையை அப்படியே வைத்துவிட்டு, எடையைக் கூட்டுவதுதான் இருக்கிற வழி. 50 கிராம் பாக்கெட் என்றால் சுமார் 53 கிராம் ஆக வேண்டும். ஆகியிருக்கா? ரோல் ரோலாகச் சரத்தைத் தொங்கவிடுகிற கடைக்காரருக்குத் தெரியாது. பாக்கெட்டின் பின்னாடி நிகர எடை என்று சின்ன எழுத்தில் இருக்கும். அதைப் பார்க்கிற பழக்கம் உள்ளவருக்கு மட்டும்தான் தெரியும்.

பெரிய பாக்கெட்டில் கணக்கு இன்னும் தெளிவு. முன்பு வரியோடு 200 ரூபாய்க்கு விற்ற அரை கிலோ மிக்சர், இப்போ 187 ரூபாய் 50 காசு. இதில் சில்லறைச் சாக்கு சொல்ல முடியாது.

நியாயமாக ஒன்றையும் சொல்லணும். வரியைவிட முறுக்கின் விலையை அதிகமாக ஆட்டிவைப்பது எண்ணெய். நம் நாட்டின் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதிதான். 2024 செப்டம்பரில் கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களின் இறக்குமதி வரி, செஸ் எல்லாம் சேர்த்து 5.5 சதவிகிதத்திலிருந்து 27.5 ஆக ஏறியது. 2025 மே கடைசியில் 16.5 ஆக இறங்கியது. பொரிக்கிற பண்டத்துக்கு இது நேரடி அடி. எண்ணெய் எப்போ ஏறினாலும், ஜிஎஸ்டியில் கிடைத்த 7 சதவிகிதம் வாணலியிலேயே கரைந்துவிடும்.

சமோசா போர்டும் காணாமல்போன எச்சரிக்கையும்

2025 ஜூலையில் இன்னொரு வைரல் செய்தி வந்தது, ஞாபகம் இருக்கா? சிகரெட் அட்டை மாதிரி சமோசா, ஜிலேபிக்கும் எச்சரிக்கை என்று பரவியது. மத்திய சுகாதாரத்துறை உடனே மறுத்தது. அலுவலகங்களில், கேன்டீன்களில் எண்ணெயும் சர்க்கரையும் எவ்வளவு சேர்கிறது என்று போர்டு வைக்கச் சொன்ன பொதுவான அறிவுரைதான் அது, எந்தத் தின்பண்டத்தின் மீதும் எச்சரிக்கை ஒட்டச் சொல்லவில்லை என்றது.

அந்தக் கவலைக்குக் காரணம் இருக்கிறது. ஐ.சி.எம்.ஆர் நிதியுதவியோடு சென்னை ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. அதன் கணக்குப்படி இந்தியாவில் சுமார் 10 கோடி பேருக்குச் சர்க்கரை நோய், இன்னும் 13 கோடிக்கும் மேற்பட்டவர்கள் அதன் வாசலில். பாக்கெட் உணவுகளின் முன்பக்கத்திலேயே எச்சரிக்கை லேபிள் போடுவது பற்றி முடிவெடுக்க, 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் 3 மாத அவகாசம் கொடுத்தது. செப்டம்பரில் வரிக்குறைப்பு வந்தபோது அந்த லேபிள் வந்திருக்கவில்லை. சர்க்கரை சேர்த்த குளிர்பானத்துக்கு 40 சதவிகிதம் போட்ட அதே பட்டியலில், உப்பும் எண்ணெயும் நிறைந்த சிப்ஸ் வகையறா 5-க்கு வந்து, முறுக்கோடு ஒரே பந்தியில் உட்கார்ந்துவிட்டது. முதலில் லேபிள், பிறகு வரிக்குறைப்பு என்று போயிருந்தால், மலிவாகிறது எது என்று தெரிந்து வாங்கியிருப்போம்.

அதற்காக ‘பாட்டி காலத்துப் பலகாரம், உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது’ என்றும் நம்ப வேண்டாம். முறுக்கும் எண்ணெயில் பொரித்ததுதான். முன்பு அதைக் கட்டுப்படுத்தியது காலண்டர். கிருஷ்ண ஜெயந்திக்குச் சீடை, தீபாவளிக்கு அதிரசம், முறுக்கு. டின் காலியானால் அடுத்த பண்டிகை வரை காத்திருக்கணும். இப்போது டின் காலியாவதே இல்லை. 10 ரூபாய்தான் அந்தக் காலண்டரைக் கிழித்தது.

பாட்டிலுக்கு லேபிளே கிடையாது என்பதும் அதன் பலவீனம். எப்போ சுட்டது, எந்த எண்ணெய், எத்தனையாவது முறை காய்ந்த எண்ணெய் என எதுவும் தெரியாது. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் உருவாகும் கழிவுச் சேர்மங்கள் 25 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என்பது 2018 ஜூலையிலிருந்து விதி. உதிரி இனிப்புகளுக்கு எந்தத் தேதிக்குள் சாப்பிடலாம் என்று கடையில் எழுதி வைக்க வேண்டும் என்பது 2020 அக்டோபரிலிருந்து விதி. எத்தனை ஸ்வீட் ஸ்டாலில் அந்த அட்டையைப் பார்த்திருக்கீங்க?

நீங்க என்ன பண்ணலாம்?

பாக்கெட் வாங்கினால் மூன்று விஷயம் பாருங்க. நிகர எடை எவ்வளவு, 100 கிராமுக்கு உப்பும் கொழுப்பும் எவ்வளவு, பொருள்கள் பட்டியலில் முதலில் இருப்பது எது. அதிகம் சேர்த்த பொருள்தான் முதலில் வர வேண்டும் என்பது விதி. முதல் இரண்டு இடத்துக்குள் பாமாயில் வந்துவிட்டால், நீங்க தின்பது மாவைவிட எண்ணெய்தானா என்று யோசிங்க.

பாட்டிலில் எடுத்தால் ‘எப்போ போட்டதுண்ணே?’ என்று கேளுங்க. கேட்பதில் வெட்கமே வேண்டாம். சிக்குவாடை அடித்தால் திருப்பி வையுங்க.

தீபாவளிக்குக் கிலோ கணக்கில் வாங்குகிற வீடு என்றால், ஒரு பங்கையாவது உங்க தெருவில் சுடுகிறவரிடம் முன்கூட்டியே சொல்லி வாங்கலாம். என்ன எண்ணெய் என்று நேரில் கேட்க முடியும், உப்பைக் குறைக்கச் சொல்லவும் முடியும். வரிச் சலுகை கைவிட்ட அவருக்கு, நாலு வீட்டு ஆர்டர் பெரிய விஷயம். அவரும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து, 14 இலக்க எண்ணையும் தயாரித்த தேதியையும் கவரில் எழுதிவிட்டால், பாக்கெட்டிடம் இருக்கிற ஒரே நிஜமான பலம் அவர் கைக்கும் வந்துவிடும். போனில் விண்ணப்பிக்கத் தெரியாது என்பார். உங்களுக்குத் தெரியுமே... ஒருநாள் உட்கார்ந்து பண்ணிக் கொடுங்க.