முதலில் ‘ஸ்கூட்’ விடப் பழகுங்கள்!

சீட்டாட்டத்தில் கெட்டிக்காரன் யார்?

நல்ல சீட்டு வந்தால் ஜெயிக்கிறவனா? அது யாரால்தான் முடியாது! மட்டமான சீட்டு வந்தால் முகம் சுளிக்காமல் கீழே போட்டுவிட்டு, அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருக்கிறானே, அவன்தான் கெட்டிக்காரன்!

நம்ம ஊர் ரம்மிக்காரர்களுக்கு இது புதுசு இல்லை. 13 சீட்டையும் விரித்துப் பார்க்கிறோம். ஜோக்கரும் இல்லை, ஒரு சேர்க்கையும் இல்லை. “ஸ்கூட்!” என்று போட்டுவிட்டால் 20 புள்ளியோடு போயிற்று. ‘பார்க்கலாமே’ என்று இழுத்துப் பாதியில் விட்டால் 40. கடைசி வரை பிடிவாதம் பிடித்தால் 80!

‘போக்கர்’ போட்டிக்கும் இதுதான் முதல் பாடம். “புதுசா ஆடப் போறேன் சார், எப்படி ஜெயிக்கிறது?” என்று கேட்கும் தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான்: ஜெயிப்பது அப்புறம் இருக்கட்டும். முதலில் வெளியே போகாமல் இருக்கக் கற்றுக்கொள்!

86 டாலர் ஆசை

ஆட்டம் சுலபம். ஆளுக்கு 2 சீட்டு. மேசை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக 5 சீட்டு. இந்த ஏழில் சிறந்த ஐந்தைச் சேர்க்க வேண்டும். இடையிடையே பந்தயம். போட்டி என்றால், நுழைவுக் கட்டணம் கட்டியதும் எல்லோருக்கும் ஒரே அளவு வில்லைகள் தருவார்கள். வில்லை தீர்ந்தால் ஆள் வெளியே!

அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் நகரில் 1970 முதல் ‘உலக போக்கர் தொடர்’ நடக்கிறது. அதன் முக்கியப் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். 2003-ல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர், இணையத்தில் 86 டாலர் கட்டி ஒரு தகுதி ஆட்டத்தில் நுழைந்தார். படிப்படியாக ஜெயித்து அந்தப் போட்டிக்கே போய், 839 பேரில் முதலாவதாக வந்து, 25 லட்சம் டாலரை அள்ளினார். பெயரே ‘பணம் பண்ணுகிறவர்’!

அவ்வளவுதான், உலகமே கிளம்பிவிட்டது. மறுவருஷம் 2,576 பேர். 2006-ல் 8,773 பேர்!

‘அந்தக் கணக்குப்பிள்ளையால் முடியும்போது நம்மால் முடியாதா?’ என்ற ஆசைதான். அந்த ஆசையைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போமே!

எட்டில் ஒரு பங்குதான்!

2023-ல் அதே போட்டியில் 10,043 பேர் ஆடினார்கள். முதல் பரிசு 1 கோடியே 21 லட்சம் டாலர். நம்ம கணக்கில் சுமார் 100 கோடி ரூபாய்! பரிசு வாங்கியவர்கள் மொத்தம் சுமார் 1,500 பேர். மற்ற 8,500 பேர் வெறுங்கையோடு வீடு திரும்பினார்கள்.

இதில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. ஜெயித்தவரிடம் கடைசியில் 10,043 பேருடைய வில்லைகளும் வந்து சேர்ந்தன. ஆனால் பரிசுத் தொகையில் அவருக்குக் கிடைத்தது சுமார் எட்டில் ஒரு பங்குதான்!

என்ன அர்த்தம்? உங்கள் வில்லைகள் இரண்டு மடங்கானால் உங்கள் பணம் இரண்டு மடங்காகாது. ஆனால் வில்லைகள் மொத்தமும் போனால் எல்லாமே போச்சு! ஆகவே போட்டியில் ஜெயிக்கிற வில்லையைவிடத் தோற்கிற வில்லைக்குத்தான் மதிப்பு அதிகம். புதியவர்கள் மனதில் எழுதி வைக்க வேண்டிய வரி இது.

80 சதவீதமும் ஆபத்துதான்

“எனக்கு ஜெயிக்க 80 சதவீதம் வாய்ப்பு இருந்தது சார்! அதனாலதான் எல்லாத்தையும் வெச்சேன்” என்பார்கள்.

சரி. அப்படி 80 சதவீத வாய்ப்போடு 100 பேர் தங்கள் வில்லைகளை மொத்தமாக வைக்கட்டும். ஒருமுறை வைத்தால் 80 பேர் மிஞ்சுவார்கள். அந்த 80 பேரும் மறுபடி வைத்தால் 64. அப்புறம் 51. அப்புறம் 41. ஐந்தாவது முறை வைத்தால் 33 பேர்தான் பாக்கி!

சரியாகவே ஆடிய 100 பேரில் 67 பேர் காலி! அதனால் பெரிய பந்தயத்தை அடிக்கடி வைக்காதீர்கள். சின்னச் சின்னதாகச் சேர்ப்பவன்தான் நின்று ஆடுவான்.

நல்ல சீட்டும் அடிக்கடி வராது. கையில் ஜோடி விழுவது 17 ஆட்டத்துக்கு ஒருமுறை. இரண்டு ஏஸ் சேர்ந்து வருவது 221 ஆட்டத்துக்கு ஒருமுறை! ஆகவே பத்து ஆட்டத்தில் எட்டு ஆட்டம் ஸ்கூட் விட்டாலும் தப்பே இல்லை. ரம்மியிலாவது ஸ்கூட்டுக்குப் புள்ளி தண்டம். போக்கரில் கட்டாயப் பந்தயம் உங்கள் முறையாக இல்லாவிட்டால், ஆரம்பத்திலேயே போடுவதற்குப் பெரும்பாலும் தண்டமும் இல்லை.

அடுத்தது, உட்கார்ந்திருக்கும் இடம். மற்றவர்கள் பேசிய பிறகு கடைசியில் பேசுகிறவருக்கு லாபம். யார் பயந்தார், யார் துணிந்தார் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். முதலில் பேச வேண்டிய முறை வந்தால், ரொம்ப நல்ல சீட்டுக்கு மட்டும் வாயைத் திறங்கள்.

பாவ்லா காட்டுவது யாரிடம்?

சினிமாவைப் பார்த்துவிட்டுப் பலர், போக்கர் என்றாலே பாவ்லாதான் என்று நினைக்கிறார்கள். ஒன்றுமில்லாத கையை வைத்துக்கொண்டு பெரிய பந்தயம் கட்டி எதிராளியை மிரட்டுவது!

மணிமேக்கரும் கடைசிச் சுற்றில் அப்படி மிரட்டியவர்தான். ஆனால் எதிரே இருந்தவர் சாம் ஃபர்கா என்ற பழம் தின்று கொட்டை போட்ட ஆட்டக்காரர். யோசித்து யோசித்து, ஜெயிக்கிற சீட்டைக் கீழே போட்டுவிட்டார். மிரட்டல் பலித்ததே, எதிராளிக்கு ஸ்கூட் விடத் தெரிந்திருந்ததால்தான்!

சின்னப் போட்டிகளில் உங்கள் எதிரே இருப்பவர் எதையும் கீழே போடமாட்டார். அவரிடம் பாவ்லா காட்டினால் செவிடன் காதில் சங்கு ஊதிய கதைதான்.

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டே இருக்கலாமா? அதுவும் கூடாது! நேரம் ஆக ஆகக் கட்டாயப் பந்தயம் ஏறிக்கொண்டே போகும். குந்தித் தின்றால் குன்றும் மாளும். உங்கள் கையிருப்பு பெரிய கட்டாயப் பந்தயத்தைப் போலப் பத்து மடங்குக்கு இறங்கிவிட்டால், சில்லறை ஆட்டத்துக்கு இடமில்லை. ஓரளவு நல்ல சீட்டு வந்ததும் மொத்தத்தையும் வையுங்கள், இல்லாவிட்டால் ஸ்கூட். நடுவழி கிடையாது.

விட்டதைப் பிடிக்காதீர்கள்!

இனி முக்கியமான விஷயம். லாஸ் வேகாஸ் முக்கியப் போட்டியில் ஒரு நல்ல விதி உண்டு. தோற்றவர் மறுபடி பணம் கட்டி உள்ளே வர முடியாது. பல போட்டிகளில் இந்த விதி இல்லை. தோற்ற சூட்டிலேயே மறுபடி கட்டலாம், மறுபடியும் கட்டலாம்! ‘விட்டதைப் பிடிக்கிறேன்’ என்று மாதச் சம்பளம் கரைவது இங்கேதான்.

“போக்கர் திறமை ஆட்டம்தானே?” என்று கேட்கலாம். வாஸ்தவம். ரம்மியைத் திறமை ஆட்டம் என்று சுப்ரீம் கோர்ட்டு 1967-லேயே சொன்னது. ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களே என்று 2023 நவம்பரில் சென்னை ஐகோர்ட்டும் சொன்னது. ஆனால் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பிரித்துப் பார்க்காமல், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்தது.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். திறமை இருந்தாலும் அது தெரிய ஆயிரம் ஆட்டம் ஆக வேண்டும். சம்பளம் போவதற்கு ஒரு ராத்திரி போதும்! பால்காரருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கொடுக்க வேண்டிய பணத்தை மேசையில் வைக்கிறவனுக்கு எந்தத் திறமையும் உதவாது. பயத்தோடு ஆடுகிறவன் ஸ்கூட் விட வேண்டிய இடத்தில் விடமாட்டான்.

போக்கர் கற்க ஆசையா? தாராளமாகக் கற்றுக்கொள்ளுங்கள். மூளைக்கு வேலை கொடுக்கும் ஆட்டம்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாலு நண்பர்களோடு உட்காருங்கள். வில்லைக்குப் பதில் ஆளுக்கு ஐம்பது புளியங்கொட்டை போதும். அதைக் காப்பாற்றத் தெரியாதவர், ரூபாயைக் காப்பாற்றப் போவதில்லை!