முதல் மோட்டார் சைக்கிள்

பிளஸ் டூ பரீட்சையின் முடிவு வெளியானதும் மதுரை நகரத்து வீடுகளில் இரண்டு ஆலோசனைகள் ஆரம்பமாகின்றன. பிள்ளையை எந்தக் காலேஜில் சேர்ப்பது என்பது ஒன்று. அந்தக் காலேஜுக்கு அவன் எந்த வண்டியில் போவது என்பது மற்றொன்று. முதலாவதற்குத் தகப்பனார் நாலு பேரை விசாரிக்கிறார். எங்களைப் போன்ற உபாத்தியாயர்களையும் தேடி வருகிறார். இரண்டாவதைப் பிள்ளையாண்டானே தீர்மானித்துவிடுகிறான். அவன் கேட்பதெல்லாம் எத்தனை சி.சி., எவ்வளவு வேகம் என்பவைதாம். தகப்பனார் மாதத் தவணை எவ்வளவு என்று கேட்கிறார். தாயார் மட்டும், "பத்திரமாக வீடு வந்து சேருவானா?" என்று கேட்கிறாள். அவளுடைய கேள்வியைத்தான் நாம் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் வயதைப் பார்ப்போம். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி மோட்டார் சைக்கிள் ஓட்டுவதற்குப் பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். பதினாறு வயதில் ஓட்டலாமே என்று சிலர் வாதிப்பார்கள். அந்தச் சலுகை 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிகளுக்கு மட்டுமே உரியது. நம் மதுரையில் பஸ் விட்டுத் தொடங்கிய டி.வி.எஸ். குடும்பத்தார் 1980-ல் டி.வி.எஸ். 50 என்ற சிறு வண்டியைக் கொண்டுவந்தார்களே, அந்த அளவு வண்டிக்குத்தான் அது பொருந்தும். இன்று வீடுதோறும் நிற்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் நூறு சி.சி.க்கு மேற்பட்டவை. "கியர் இல்லாததுதானே" என்று பத்தாம் வகுப்புப் பையனிடம் சாவியைக் கொடுப்பது குற்றம். 2019-ல் செய்த திருத்தத்தின்படி அதற்குத் தண்டனை பெற்றோருக்கு அல்லது வண்டியின் சொந்தக்காரருக்கு: 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரை சிறைவாசமும்.

பதினெட்டு நிரம்பிவிட்டால் சட்டம் ஒரேயடியாகத் தாராளமாகிவிடுகிறது. நூறு சி.சி. வண்டிக்கும் அறுநூற்றைம்பது சி.சி. வண்டிக்கும் ஒரே லைசென்ஸ்தான். பிரிட்டனில் அப்படியில்லை. பதினேழு வயதுப் பிள்ளைக்கு 125 சி.சி. தான் எல்லை, பத்தொன்பதில் அடுத்த படி, அதற்குப் பிறகே பெரிய வண்டிகள். நம் தேசத்தில் அந்தப் படிக்கட்டைச் சட்டம் கட்டித் தரவில்லை. ஆகையால் குடும்பமே கட்டிக்கொள்ள வேண்டும்.

முதற்படிக்கு உரிய வண்டி எது? என்ஜினைப் பார்க்குமுன் எடையைப் பாருங்கள். ஸ்பிளெண்டர் போன்ற நூறு சி.சி. வண்டியின் எடை உத்தேசம் 112 கிலோ. புல்லட் 350 உத்தேசம் 195 கிலோ. புல்லட்டை நான் குறை கூறுவதாக எண்ண வேண்டாம். 1955 முதல் நம் சென்னைப் பட்டணத்தில் உருவாகிப் பேர்பெற்ற வண்டி அது. ஆனால் முதல் வருஷத்தில் பிள்ளை எங்கே ஓட்டப்போகிறான் என்று யோசிக்க வேண்டும். கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக அமைந்த நகரம் இது. மாசி வீதியிலும் ஆவணி மூல வீதியிலும் தெருவுக்குத் தெரு திருப்பம். திருப்பத்துக்குத் திருப்பம் ஓர் ஆட்டோவோ, தள்ளுவண்டியோ, மாடோ நிற்கும். அங்கே வண்டி விழுவது வேகத்தினால் அல்ல. நின்று கிளம்பும்போது கால் எட்டாமையினாலும், சாய்ந்த பாரத்தைத் தாங்க முடியாமையினாலுந்தான்.

ஆகவே கடையில் மூன்று பரீட்சை வையுங்கள். ஸீட்டில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் நன்றாகப் பதிய வேண்டும். உட்கார்ந்தபடியே வண்டியைக் காலால் பின்னுக்குத் தள்ள முடிய வேண்டும். இறங்கி நின்று, சற்றே சாய்த்த வண்டியைத் தனியாக நிமிர்த்த முடிய வேண்டும். பெண்பிள்ளைகளுக்கும் இதே பரீட்சைதான்.

வேகத்தைப் பற்றி ஒரு சிறு கணக்கு. மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு விநாடியில் 11 மீட்டர் ஓடுகிறது. 60-ல் கிட்டத்தட்ட 17 மீட்டர். குறுக்கே ஆடு வருவதைக் கண் கண்டு, கை பிரேக்கைப் பிடிப்பதற்குள் ஒரு விநாடி கழிந்துவிடும். பிரேக் பிடித்த பிறகு வண்டி நிற்பதற்கு வேண்டிய தூரமோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: 40-க்கு வேண்டியதைப் போல் 60-க்கு இரண்டேகால் மடங்கு. சடுதியில் வேகமெடுக்கும் வண்டி, புதியவனைத் தனக்குத் தெரியாமலே இந்தக் கணக்கில் சிக்கவைக்கிறது.

அதனால் பிரேக்கை அவசியம் விசாரிக்க வேண்டும். நிற்கும்போது பாரமெல்லாம் முன்சக்கரத்துக்குப் போவதால், வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பகுதி முன் பிரேக்கினுடையது. பயந்து பின் பிரேக்கை மட்டும் மிதிப்பவன் ஆட்டின்மேலேயே போய் நிற்பான். வளைவில் மணலின்மேல் முன் பிரேக்கைச் சடக்கென்று பிடிப்பவனோ சறுக்கி விழுவான். சக்கரம் இறுகி நின்றுவிடாமல் காப்பது ஏ.பி.எஸ். என்ற அமைப்பு. 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளில் 2019 ஏப்ரல் முதல் அது கட்டாயம். அதற்குட்பட்ட வண்டிகளில் அதுவாவது, ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரு சக்கரமும் சேர்ந்து கட்டுப்படும் சி.பி.எஸ். அமைப்பாவது இருக்க வேண்டும் என்பது அப்போது வந்த விதி. மேலூர்ப் பக்கம் வைக்கோல் பரப்பிய சாலையையும், மழை பெய்தால் திருமங்கலத்துக்கு அப்பால் டிராக்டர் சக்கரம் இழுத்துவிடும் கரிசல் சேற்றையும் அறிந்தவர்கள் இதன் அருமையை உணர்வார்கள்.

அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்பவர் லாஸ் ஏஞ்சலஸில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துக்களை நேரிலேயே ஆராய்ந்து 1981-ல் முடிவு வெளியிட்டார். விபத்துக்குள்ளானவர்களில் நூற்றுக்கு 92 பேர் முறையாகக் கற்காதவர்கள். தாமாகவோ உறவினர் சிநேகிதரிடமோ பழகிக்கொண்டவர்கள். மற்றொரு உண்மை இன்னும் யோசிக்கத் தக்கது. சராசரியாகப் பார்த்தால் அவர்கள் ஏறக்குறைய மூன்று வருஷம் வண்டி ஓட்டியவர்கள். எனினும் பாதிப் பேருக்கு மேல் விபத்துக்குள்ளான அந்த வண்டியில் ஐந்து மாத அனுபவங்கூட இல்லாதவர்கள். ஓட்டப் பழகியவனுக்கே புது வண்டி ஆபத்தென்றால், ஓட்டுவதும் புதிது, வண்டியும் புதிது, பாரமும் அதிகம் என்றால் சொல்ல வேண்டுமா?

எனவே வண்டிக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் இரண்டைக் கழித்துவிடுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள, தலைக்குக் கச்சிதமான ஹெல்மெட் ஒன்று. தக்க ஆசிரியரிடம் பயிற்சி மற்றொன்று. எல்.எல்.ஆர். வாங்கி முப்பது நாள் கழிந்த பின்புதான் லைசென்ஸ் பரீட்சை. அந்த முப்பது நாளைக் காத்திருக்கும் காலமாக எண்ணாமல் கற்கும் காலமாகக் கொள்ள வேண்டும். விடியற்காலையில் ஆளில்லாத மைதானத்தில் நிறுத்தவும் திருப்பவும் பழகிய பிறகு கோரிப்பாளையம் நெரிசலுக்குப் போகலாம்.

கையிருப்புக் குறைவானால் பழைய வண்டி வாங்குவதில் அவமானம் இல்லை. கற்கும் காலத்தில் வண்டி இரண்டொரு முறை சாயத்தான் செய்யும்; பழைய வண்டியில் கீறல் விழுந்தால் மனம் அவ்வளவாகப் பதறாது. ஆனால் ஆர்.சி. புத்தகத்திலுள்ள என்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்திருக்கின்றனவா, கடன் பாக்கி இருக்கிறதா, முன் ஃபோர்க்கில் எண்ணெய் கசிகிறதா, டயர் தேய்ந்திருக்கிறதா என்பவற்றை நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை அழைத்துப்போய்ப் பார்ப்பது நலம்.

நூறு அல்லது நூற்றிருபத்தைந்து சி.சி. வண்டியில் இரண்டு வருஷம் பழகட்டும். அப்புறம் அவன் பெரிய வண்டி வேண்டுமென்று கேட்டால், தகப்பனார் தாராளமாக அவனையே தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். அப்போது அவன் கடைக்காரரிடம் முதலில் பிரேக்கைப் பற்றி விசாரிப்பான். வேகத்தைப் பற்றி ஒருவேளை கேட்கவே மறந்துவிடுவான்.